மணி தானாக அடித்த நாள்

சுரங்கக் கூலிகளின் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனில் பானைமேல் பானை அடுக்கும் வழக்கம் கிடையாது. சட்டி, பானை, குடம் எல்லாம் தரையில்தான் வரிசையாக உட்கார்ந்திருக்கும். உறி கட்டித் தொங்கவிடவும் மாட்டோம். பூனைக்கும் எலிக்கும் கொண்டாட்டம்தான், என்ன செய்வது? தங்கவயலில் மூங்கில் தட்டி வீடு கிடைத்துக் குடியேறியவர்கள் எல்லாரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் அது. என் மனைவி குடியாத்தம் பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் தாய்வீட்டுப் பானைகளை ஏழடுக்காக அடுக்கி அழகு பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்களே ஒழிய ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் மத்தியானம் தரைக்கு அடியிலிருந்து 'டம்' என்று ஒரு சத்தம் வந்தது. ஏழு பானையும் ஓடாகிவிட்டன.

"இன்னா ஊருய்யா இது? தரகூட ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது. இங்க கொண்டாந்து உட்டுட்டியே என்னை!" என்று என்னிடம் பாய்ந்தாள். தரையை நான்தான் ஆட்டிவிட்டேன் என்பது போல.

அந்தச் சத்தத்துக்குத் துரைமார்கள் வைத்த பேர் ஏர் பிளாஸ்ட். ஆழத்தில் பாறையை வெட்டி எடுத்த இடமெல்லாம் காலியாக நிற்கும். மேலே இருக்கிற பூமியின் கனம் முழுவதும் அந்தக் காலி இடத்தின் சுவர்கள்மேல் இறங்கும். தாங்குகிற மட்டும் தாங்கிவிட்டு, ஒரு நாள் பாறை தானாக வெடித்துச் சிதறும். மருந்தும் வேண்டாம், திரியும் வேண்டாம். அந்த அதிர்ச்சி சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்திலிருந்து கோரமண்டல் சுரங்கம் வரைக்கும் ஓடி, வீட்டுத் தட்டிகளை உலுக்கும். கீழே யாராவது அந்தச் சுவர்ப்பக்கம் நின்றிருந்தால் அவர்கள் கதை முடிந்தது.

தரை ஆடினால் ஜனங்கள் வெட்டவெளிக்கு ஓடுவது உலக வழக்கம். எங்கள் பெண்கள் ஷாஃப்டை, சுரங்கத்துக்குள் இறங்குகிற குழியை, நோக்கி ஓடுவார்கள். ஓடுகிற ஓட்டத்திலேயே கொடியில் காயும் வேட்டி ஒன்றை உருவித் தோளில் போட்டுக்கொள்வார்கள். புருஷனோ பிள்ளையோ உயிரோடு மேலே வந்தால் வியர்வை துடைத்துப் போர்த்திவிட, வராவிட்டால் மூட. எதற்கு எடுத்துப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஈர வேட்டியாக இருந்தாலும் உருவிக்கொண்டு ஓடுவார்கள்.

நான் ஷாஃப்டின் வாயில் மணி பார்க்கிற வேலையில் இருந்தேன். ஆயிரம் அடிக்கு மேல் ஆழம் போகிற அந்தக் குழிக்குள் ஆட்களை ஏற்றி இறக்குவது கேஜ் என்ற இரும்புக் கூண்டு. அதை இழுக்கிற நீராவி இன்ஜின் சற்றுத் தள்ளி ஒரு கொட்டகையில் இருந்தது. அதை ஓட்டுகிறவர் ஒரு சட்டைக்காரர், பாதி வெள்ளைக்காரர். கண்ணால் கேஜைப் பார்க்க முடியாது அவருக்கு; காதால் மணியைக் கேட்டுத்தான் ஓட்டுவார். கீழே ஒரு மணிக்காரர், மேலே நான். கீழே அவர் கம்பியை இழுத்தால் மேலே என் தலைக்குமேல் சுத்தியல் மணியில் விழும். நான் இன்னொரு கம்பியை இழுத்தால் கீழே அவருக்கு அடிக்கும். ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் ஏறியிருக்கிறான், பார்த்து இழு. புரியாத மணி வந்தால் எதையும் அசைக்காதே, பதிலும் கொடுக்காதே. இந்த நாலும்தான் எங்கள் வேதம்.

இந்த வேலையை நான் கெஞ்சி வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தங்கவயலுக்கு வந்த முதல் வருஷம் நானும் உள்ளேதான் இறங்கினேன். ஒரு நாள் என் பக்கத்தில் நின்று துளை போட்டுக்கொண்டிருந்த ஆள், பாறை வெடித்ததில் சுவரோடு சேர்ந்து போய்விட்டான். என் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அதற்குப் பிறகு கேஜ் வந்து நின்றாலே நான் பின்னால் ஒதுங்கிவிடுவேன். யார் யார் காலிலோ விழுந்து மேலே வேலை வாங்கினேன். ஆறு வருஷம் கீழே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. லைனில் என்னைக் கேலி செய்வார்கள். "கோயில் வாசல்லயே நிக்கற, உள்ள போயி கும்புடமாட்டியா?" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

இப்படிப்பட்ட நான்தான் என் மனைவியின் ஒரே தம்பியை ஊரிலிருந்து அழைத்துவந்து உள்வேலையில் சேர்த்துவிட்டேன். ஊரில் மழை பொய்த்து மூன்று வருஷம். கிணற்றில் தவளைக்கும் தண்ணீர் இல்லை. மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மச்சானுக்கு இருபத்திரண்டு வயது, இரும்பு மாதிரி உடம்பு. மேல்வேலை கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உள்வேலைக்கு எத்தனை ஆள் வந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். அவனும் உள்ளே போகத் துடித்தான். நான் நல்லதைத்தான் செய்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

என் மனைவியிடம் அது செல்லவில்லை. "நீ எறங்காத குழியில என் தம்பிய எறக்கிட்ட இல்ல? ஊருக்கு உபதேசம், உனக்கில்லையா?" என்று கேட்டாள். கேட்டதோடு பேச்சையும் நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேசமாட்டாள். எங்கள் கைக்குழந்தையிடம்தான் சேதி சொல்லி அனுப்புவாள். "உங்கப்பன சாப்புட வரச் சொல்லு" என்று, பேச்சு வராத குழந்தையிடம். மச்சான் உள்வேலைக்குப் போய் இருபது நாளாகியிருந்தது. எங்கள் வீட்டில் பேச்சு நின்றும் இருபது நாள்.

அந்த நாள், பனி விலகி வெயில் ஏறத் தொடங்கிய மாசி மாதத்துக் காலை. மச்சான் முதல் ஷிப்டு. விடிகிறபோதே இறங்கிவிட்டான். கேஜுக்குள் நின்றுகொண்டு, தொப்பியில் களிமண் வைத்து மெழுகுவத்தியை ஒட்டியபடி, "மாமா, பத்திரமா மணி அடிங்க. பாதில உட்டுறாதீங்க, அக்கா உங்கள கொன்னுடும்" என்று சிரித்தான். நான் இரண்டு அடித்தேன். கேஜ் இருட்டுக்குள் போயிற்று.

பகல் பத்து மணி இருக்கும். நான் தகரக் குவளையில் காபி வாங்கிவைத்துக்கொண்டு ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். குவளைக்குள் வட்டம் வட்டமாகக் கோடு எழுந்தது. ஏர் பிளாஸ்ட் என்றால் ஒரே அடி. உள்ளங்காலில் சம்மட்டியால் அடித்த மாதிரி வந்து உடனே போய்விடும். இது போகவில்லை. மேற்கே எங்கிருந்தோ கனமான கூட்ஸ் வண்டி வருவது போல ஒரு உறுமல் கேட்டது. ரயில் பாதை அந்தப் பக்கமே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்ததை இன்றுவரை என்னால் முழுசாகச் சொல்ல முடிந்ததில்லை.

நிலம் வந்தது. அப்படித்தான் சொல்லவேண்டும். மேற்கிலிருந்து எங்களை நோக்கி நிலம் நடந்து வந்தது. முதலில் தூரத்தில் இருந்த வேப்பமரங்கள் காற்றில்லாமல் தலையாட்டின. பிறகு தங்கம் எடுத்த பின் கொட்டிய சாம்பல்நிற மணல்மேடு அடி முதல் நுனி வரை சிலிர்த்து, அதன் சரிவெல்லாம் வெள்ளைப் புழுதி எழுந்தது. பிறகு என் கால்கள். ஷாஃப்டுக்கு மேலே பனைமர உயரத்துக்கு நிற்கிற மரச்சட்டம் கிறீச்சிட்டுக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தது, நின்றது, மறுபக்கம் சாய்ந்தது. உச்சியில் இருந்த பெரிய சக்கரம் கயிறு ஓடாமலே இந்தப் பக்கம் கால்வாசி, அந்தப் பக்கம் கால்வாசி சுற்றியது. அத்தனை பெரிய இரும்பை அப்படித் தொட்டில்போல ஆட்டுகிற கை எது என்று எண்ணினேன். பயத்துக்கும் முன்னால் வந்தது அந்த எண்ணம்தான். ஐயோ, எவ்வளவு பெரியது என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்போது என் தலைக்குமேல் மணி அடித்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று எண்ணிக்கொண்டே போனேன். ஒன்பதுக்கு மேல் எண்ணிக்கை தப்பியது. எங்கள் வேதத்தில் அப்படி ஒரு மணி கிடையாது. சில அடி பலமாக, சில அடி தொட்டும் தொடாமலும். கீழே ஒருவன் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு உயிருக்காகத் தடதடவென்று இழுக்கிறான் என்றே எனக்குப் பட்டது. இன்ஜின்கார சட்டைக்காரரும் கேட்டுவிட்டார். அவரும் அதையே நினைத்தார். கொட்டகையிலிருந்து, "கீழே ஏர் பிளாஸ்ட், மேன்!" என்று கத்தினார். பூகம்பம் என்ற வார்த்தை எங்கள் இருவர் வாயிலும் வரவில்லை. தங்கவயலில் ஏழு வருஷம் இருந்தவனுக்குத் தரை ஆடினால் ஒரே அர்த்தம்தான்.

ஆட்டம் நின்றதும் இன்னொன்று நடந்தது. ஸ்டாம்ப் மில் நின்றுவிட்டது. கல்லை இடித்துப் பொடியாக்குகிற அந்த இரும்பு உலக்கைகள் இரவும் பகலும், ஞாயிறும் பண்டிகையும், ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் பேசுவதே அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான். எங்கள் குழந்தைகளுக்கு அதுதான் தாலாட்டு. அது நின்றதும் விழுந்த அமைதியைப் போல ஒன்றை நான் கேட்டதில்லை. எங்கோ ஒரு ஆடு கத்தியது. அவ்வளவு தூரத்து ஆட்டின் குரல் தங்கவயலில் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டிருக்கும். லைனில் தொட்டில் குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீறிட்டு அழுதன. ஆட்டத்துக்கு அழாத பிள்ளைகள் அமைதிக்கு அழுதன.

அந்த அழுகைக்குப் பின்னாலேயே பெண்கள் வந்தார்கள். அத்தனை பேர் தோளிலும் வேட்டி. என் மனைவி இடுப்பில் குழந்தையோடு முன்னால் ஓடிவந்தாள். அவள் தோளில் கிடந்தது அவள் தம்பியின் வேட்டி. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இருபது நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள். "மணி அடிச்சிச்சே, நாங்கூட கேட்டேன். யாருய்யா அடிச்சது? இன்னா சொன்னாங்க?"

"தெரியல" என்றேன்.

"தெரியலன்னா? மணிக்காரன்தானே நீ?"

நான் கம்பியை இழுத்துக் கீழே மணி கொடுத்தேன். ஒன்று கொடுத்தேன், பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. அதன்மேலேயே மூன்று கொடுத்தேன். அவசரத்தில் ஐந்து விழுந்ததா ஆறு விழுந்ததா என்று எனக்கே தெரியாது. மறுபடி மறுபடி இழுத்தேன். என் தலைக்குமேல் சுத்தியல் அசையவே இல்லை. பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுத்தியலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரம் போகப் போக ஒரு கிழவி மெல்ல ஒப்பாரியைத் தொடங்கினாள். மற்றவர்கள் அவள் வாயைப் பொத்தினார்கள்.

"கேஜ தூக்குய்யா! இன்னாத்துக்கு நிக்கற?" என்று என் மனைவி என் சட்டையைப் பிடித்தாள். ஆள் ஏற்றித் தூக்க முடியாது. ஷாஃப்டின் சுவரில் கேஜ் ஓடுகிற மரச்சட்டங்கள் விலகியிருந்தால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். கயிறு அறுந்தாலும் அறும். கீழே நிற்கிற கேஜில் யாரும் ஏறாமல் அதை வெறுமையாக மெதுவாக மேலே கொண்டுவந்து, பிறகு ஷாஃப்டு ஆசாரி ஒருவர் அதில் நின்று சட்டங்களைத் தடவிப் பார்த்தபடி இறங்கவேண்டும். அதுதான் முறை. கேஜ் வெறுமையாக ஊர்ந்து மேலே வந்தது. ஆசாரி ஏறி நின்றார். அவர் நிறுத்தச் சொல்லும்போதெல்லாம் கம்பியை இழுத்து மேலே மணி கொடுக்க, மணி தெரிந்த ஆள் ஒருவன் கூட வேண்டும். கீழ்மணிக்காரர் பதில் தரவில்லை. அந்த ஷிப்டில் மேலே மணி தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

சட்டைக்காரர் என்னைப் பார்த்தார். ஆசாரி பார்த்தார். பெண்கள் பார்த்தார்கள். என் மனைவி மட்டும் பார்க்கவில்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் போகமாட்டேன் என்று அவள் தீர்மானமாக நம்பினாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. மணியை இன்ஜினுக்கு எண்ணெய் விடுகிறவரிடம் ஒப்படைத்தேன். ஏறினேன். வீரத்தால் ஏறவில்லை. அங்கே நிற்க முடியாததால் ஏறினேன்.

இறங்க இறங்கக் குளிர் போய் வெக்கை வந்தது. மேலே வானம் ஒரு வெள்ளைத் தட்டாகி, பிறகு நாலணாக் காசாகி, பிறகு இல்லாமல் போயிற்று. ஆசாரி மெழுகுவத்தியைப் பிடித்து ஒவ்வொரு சட்டமாகத் தட்டிப் பார்த்தார். நான் கம்பியில் கையை வைத்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். முனகல் கேட்கும், கூக்குரல் கேட்கும், புகைநாற்றம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும். எல்லாரும் போய்விட்டார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். மேலே போய் அவளிடம் எந்த வார்த்தையை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கேஜ் லெவலில், ஆட்கள் வேலை செய்கிற பக்கச் சுரங்கத்தின் வாயில், போய் நின்றது. நாலைந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து கேழ்வரகுக் களி தின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் என் மச்சான். வாயில் களி, கையில் மிளகாய்.

"இன்னா மாமா, நீங்களா? உள்ளயா?" என்று எழுந்தே நின்றுவிட்டான். "மேல வெயில் ஜாஸ்தியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கீழ்மணிக்காரர் சிரிக்கவில்லை. கோபமாக வந்து என் முகத்துக்கு நேரே மூக்கை நீட்டி மோந்து பார்த்தார். "காலையிலேயே சாராயமா? அஞ்சு அடிக்கற, ஏழு அடிக்கற, அது இன்னா மணி? பஜனையா? புரியாத மணிக்கு நான் பதில் தரமாட்டேன், ஆமா!" என்றார்.

"நீதானே முதல்ல அடிச்ச? ஒம்போது, பத்துன்னு?"

"நானா? நான் இந்த எடத்த உட்டு நவுரல. கம்பிய தொடவும் இல்ல."

அவர் தொடவில்லை. யாருமே தொடவில்லை. ஷாஃப்டு நெடுக ஆயிரம் அடிக்கு மேல் தொங்குகிற கம்பியைப் பூமியே ஆட்டியிருக்கிறது. என் மணியை அடித்தது பூமி. அது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த லெவலின் ஈரப் பாறையில் கையை வைத்துப் பார்த்தேன். சும்மா இருந்தது.

"இங்க ஆடலையா?" என்று கேட்டேன்.

ஒருவர், மெழுகுவத்திச் சுடர் கொஞ்சம் நடுங்கியது என்றார். இன்னொருவர், மேல் லெவலில் யாரோ மரத்தைக் கீழே போட்டார்கள் என்று நினைத்தேன் என்றார். மச்சானுக்கு ஒன்றுமே தெரியாது. ஏரியில் முங்கியவனுக்கு இது விளங்கும்: மேலே அலை அடித்துக்கொண்டிருக்கும், அடியில் தண்ணீர் பேசாமல் இருக்கும். ஆறு வருஷமாக நான் மரண வாயென்று பயந்த இடத்தில் இவர்கள் களி தின்றுகொண்டிருந்தபோது, அந்த மாபெரும் நடை இவர்கள் தலைக்குமேல் போயிருக்கிறது. மரச்சட்டம் ஆடியதையும், மணல்மேடு புகைந்ததையும், மில் நின்றதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் சிரிப்பு அடங்கியது.

"மில் நின்னுபோச்சா?" என்றார் கீழ்மணிக்காரர். அதைக் கேட்டுத்தான் அவர் நம்பினார்.

மச்சான் கையிலிருந்த களியைக் கீழே வைத்தான். "அக்கா?" என்றான். "கொழந்த? மேல எல்லாம் கீறாங்களா மாமா?" மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். எல்லார் கண்ணும் மேலே போயிற்று, பாறைக்கு அப்பால், ஆயிரம் அடிக்கு அப்பால். உள்ளே இருக்கிறவர்களுக்காக வெளியே இருக்கிறவர்கள் பயந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வெளியே இருக்கிறவர்களுக்காக உள்ளே இருக்கிறவர்கள் பயந்ததை அன்றுதான் பார்த்தேன். "இருக்காங்க, எல்லாரும் ஷாஃப்டு வாயில நிக்கறாங்க" என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. நேரில் பார்த்தால்தான் ஆயிற்று என்றார்கள்.

நான் மூன்று அடித்தேன். பதில் மணி சுத்தமாக வந்தது. மேலே கேஜ் வந்து நின்றதும் ஆண்கள் பாய்ந்து இறங்கினார்கள். பெண்கள் பாய்ந்து வந்தார்கள். யார் யாரைத் தேடி வந்தது என்று சொல்ல முடியாதபடி இரண்டு பக்கமும் மோதிக்கொண்டார்கள். "நீ இருக்கறியா?" "நீ இருக்கறியா?" இதே கேள்விதான் இரண்டு பக்கமும். வேட்டிகளால் ஆண்களைத் துடைத்தார்கள். என் மனைவி தம்பியின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டாள். பிறகு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நடுவில் குழந்தை நசுங்கிக் கத்தியது.

அழுது முடித்ததும் கேட்டாள்: "உள்ள ஆடலையா?"

"இல்லக்கா. களி துன்னுகினு இருந்தோம்."

"கொஞ்சங்கூட ஆடலையா?"

"சத்தியமா இல்லக்கா."

அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தரையில் உள்ளங்கையை வைத்து, ஏதோ ஜுரம் பார்ப்பவளைப் போல வெகுநேரம் பார்த்தாள். எதிரே துரைமார் பங்களாவின் கல்சுவர் மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தது. பங்களா அம்மாள் செருப்பில்லாத காலோடு எங்கள் தட்டி வீடுகளின் ஓரமாக வந்து நின்றுகொண்டிருந்தாள். விழுந்தாலும் வலிக்காத வீடுகள் எங்களுடையவைதான். சாயங்காலம் மில் மறுபடி இடிக்கத் தொடங்கியதும் தொட்டில் குழந்தைகள் எல்லாம் தூங்கிப்போயின.

அதன் பிறகு ஒரு மாதம் வரை சின்னச் சின்னதாக ஆடிக்கொண்டே இருந்தது. கோலாரிலிருந்து வந்தவர்கள் அங்கேயும் ஆடியது என்றார்கள். ஆதிசேஷன் தலை மாற்றிக்கொள்கிறான் என்றார் ஒருவர். கர்த்தர் வரப்போகிறார் என்றார் உபதேசியார். என் மனைவி இரண்டையும் கேட்டுக்கொண்டாள், ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அவளுடைய முடிவு இருந்தது. தம்பி வேலைக்குக் கிளம்பும்போது முன்பெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், இப்போது களி உருண்டையைக் கட்டிக் கையில் கொடுத்து, "சீக்கிரம் போ, சீக்கிரம் எறங்கு" என்று துரத்தினாள். ஷிப்டு முடிந்து அவன் மேலே வந்து வீடு சேர்ந்தால்தான் அவளுக்குக் கவலை. என்னிடமும் பழையபடி பேசத் தொடங்கிவிட்டாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு நாள் மத்தியானம். மச்சானுக்கு இரண்டாம் ஷிப்டு. லேசாக உடம்பு சுடுகிறது, இன்றைக்குப் போகவில்லை என்று பாயில் படுத்திருந்தான். நான் வேலை முடித்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளங்காலில் 'டம்' என்று ஒரே அடி. தட்டிகள் ஒருமுறை உலுங்கி நின்றன. உறுமல் இல்லை, நடை இல்லை. மேற்கிலிருந்து வரவில்லை. அடியிலிருந்து வந்தது. எந்த ஷாஃப்டோ, எந்த லெவலோ, பாறை வெடித்திருக்கிறது.

எனக்குத் தெரிந்தது. பாயில் எழுந்து உட்கார்ந்த மச்சான் என் முகத்தைப் பார்த்தான். இத்தனை நாள் உள்ளே இருந்தவன், அவனுக்கும் தெரிந்தது. நாங்கள் இருவரும் அவளைப் பார்த்தோம். முன்னே ஏழு பானை உடைத்த அதே அடிதான். ஆனால் பெரிய ஆட்டத்தைப் பார்த்த பிறகு அவளுக்கு எல்லா ஆட்டமும் ஒன்றாகிவிட்டது. கொடியில் இருந்த வேட்டி பக்கம்கூட அவள் திரும்பவில்லை. தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மறுபடி ஆடுது பாரு. எழுந்திருடா. ஜொரமாவது ஒண்ணாவது. உள்ள போயிடு. போடா சாமி, நீயாவது உள்ள போயிரு."

அவன் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தான். இது ஏர் பிளாஸ்ட் என்ற ஒரு வார்த்தை போதும், நான் சொல்லலாம், அவனும் சொல்லலாம். சொன்னால் அவள் மறுபடி அந்த இருபது நாளுக்குள் போய்விடுவாள். இனி ஒவ்வொரு ஷிப்டுக்கும் அதே பயத்துக்குள் போவாள். அவன் தொப்பியை எடுத்தான். "சரிக்கா. போறேன்" என்றான். உடம்பு சுடச்சுட வெயிலில் நடந்து போனான்.

அவன் திருப்பத்தில் மறையும் வரை பார்த்துவிட்டு அவள் பெருமூச்சு விட்டாள். நிம்மதியான பெருமூச்சு. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் ஈரக் கையைத் தன் முந்தானையால் துடைத்தாள். கல்யாணமான நாள் முதல் அவள் என்னிடம் அவ்வளவு கனிவாகப் பேசியதில்லை.

"தா பாரு," என்றாள். "மேல நீ மட்டும் தனியா அந்த மரச்சட்டத்துக்கடியில நிக்கற. நெனச்சா எனக்கு தூக்கமே வரமாட்டேங்குது. தொரைய கேட்டு உனக்கும் உள்ள ஒரு வேல வாங்கிக்கயேன்?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கேக்கறேன்" என்றேன்.